ராசிபுரத்துப் பொதுமனிதன்

எங்கள் ஊர் டீக்கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. இரண்டிலும் நாங்கள் உட்கார முடியாது. அவிய கண்ணாடி டம்ளரில் குடிப்பார்கள். எங்களுக்கு, கூரை எரவாணத்தில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்டிப் பிடித்தால் மேலேயிருந்து டீ விழும். குடித்து முடித்துத் திரும்பக் கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு வர வேண்டும். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, தொண்ணூறுகளின் பின்பாதியில் இது நடந்தது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து ஏறக்குறைய 50 வருஷம் ஆகியிருந்தது.

பெஞ்சின் மேல் தினத்தந்தி கிடக்கும். காலையில் வந்த பேப்பர் எட்டு மணிக்குள் நாலு துண்டாகி நாலு கைக்குப் போய்விடும். எங்கப்பா படிக்காதவர். பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். ரோட்டோரம் நின்றபடி, "ஏனுங் பண்ணாடி, மழெ கிழெ வருமுன்னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்பார். மனசு இருந்தால் சொல்லுவார்கள். இல்லாவிட்டால் பேப்பர் கொஞ்சம் உயர்ந்து முகத்தை மறைத்துக்கொள்ளும்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் அந்தப் பேப்பரில்தான். ஆனால் அன்றைய பேப்பரில் அல்ல, பஜ்ஜி சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரில். எண்ணெய் ஊறின அந்தத் தாளில் நான் தேடுவது கன்னித்தீவு. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய படக்கதை. முடிவே இல்லாத எதையும் நம் ஜனங்கள் இன்றைக்கும் கன்னித்தீவு என்றுதான் சொல்கிறார்கள். வரிசையாகப் படித்த ஊர்ப்பிள்ளைகளுக்கு அது முடியவில்லை. எனக்கு அது தொடங்கவே இல்லை. ஒரு தாளில் சிந்துபாத் கடலில் விழுவான். அடுத்துக் கிடைக்கிற தாளில் ஏதோ ஒரு அரண்மனையில் நிற்பான். நடுவில் என்ன ஆயிற்று என்பது பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்க முடியாது.

ஒரு பத்திரிகைக்கும் அது வரைந்து காட்டுகிற ஒரு ஆளுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் ஞாபகம் வந்தது இதுதான். ஆனால் நான் பேச வந்தது சிந்துபாத்தைப் பற்றி அல்ல. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் பொதுமனிதனைப் பற்றி. அவரைப் பற்றிப் பேசினால் 'பொது' என்ற சொல்லைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

1

கோயமுத்தூரில் எம்.ஏ. தமிழ் படிக்கிற காலத்தில் நூலகத்தில் ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூன் தொகுப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆங்கிலம் எனக்கு அவ்வளவாக ஓடாது. படம் ஓடியது. வழுக்கைத் தலை, பின்னால் சிலுப்பிக்கொண்டு நிற்கிற கொஞ்சம் முடி, மூக்கின் மேல் கண்ணாடி, அதற்குக் கீழே மீசை, மேலே கட்டம் போட்ட கோட்டு, கீழே வேட்டி. 1951-இல் 'யூ செட் இட்' என்ற தலைப்பில் அந்தப் பத்திரிகையில் வரத் தொடங்கிய சின்னப் படத்தில் அவர் வந்து நின்றார். ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மந்திரி பொய் சொல்லும்போது பக்கத்தில் நிற்பார். அதிகாரி திட்டம் தீட்டும்போது மேசைக்கு அப்பால் நிற்பார். விமான நிலையம், ஆஸ்பத்திரி, கட்சி மாநாடு, வறட்சி பாதித்த கிராமம் என்று எங்கேயும் நிற்பார். பார்ப்பார். அவ்வளவுதான். இந்தியாவின் கோடிக்கணக்கான வாயில்லா ஜனங்களின் பிரதிநிதி இவர் என்று சொன்னார்கள். 1988-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 150-ஆம் ஆண்டுக்கு அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையில் அவர் உருவம் வந்தது. புனேயிலும் மும்பை ஒர்லி கடற்கரையிலும் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. 2003-இல் மலிவு விலை விமானம் விட வந்த ஏர் டெக்கான் கம்பெனி, தன் விளம்பர முகமாக அவரையே வைத்துக்கொண்டது. ஒரு கார்ட்டூன் உருவம் ஒரு பத்திரிகைக்கு முகமாகி, பத்திரிகையைத் தாண்டி ஒரு தேசத்துக்கே முகமாகிவிட்ட கதை இது.

இயக்கத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்த அண்ணன் ஒருவர் அந்தத் தொகுப்பை என் கையில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆர்.கே.ன்னா என்னன்னு தெரியுமா தம்பி?"

தெரியாது என்றேன்.

"ஆருன்னா ராசிபுரம். நம்ம ராசிபுரமே தான்."

உண்மைதான். ராசிபுரம் கிருஷ்ணசாமி லட்சுமண். அண்ணன், நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண், ராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமி. தமிழ்ப் பார்ப்பனக் குடும்பம். தகப்பனார் மைசூரில் தலைமையாசிரியர். லட்சுமண் 1921-இல் மைசூரில் பிறந்தார். பிறகு பம்பாய். ஆனால் குடும்பத்தின் பூர்வீக ஊர் மூன்று நகரம் தாண்டியும் பெயரோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. நெய்க்கும் பட்டுக்கும் பேர் போன ஒரு கொங்கு ஊர், பம்பாய்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்தாகத் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று உறுத்தியது.

ஊர்ப் பெயரை முன்னெழுத்தாகப் போட ஊருக்குள் வீடு இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஊர்' என்றால் அவர்கள் இருக்கிற இடம். நாங்கள் இருக்கிற இடம் 'வளவு'. "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்று எங்கம்மா சொல்லுவாள். ஊருக்கு இருநூறடி தள்ளி நின்று சொல்லுவாள். நம் ஆட்களும் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள், போடாமல் இல்லை. ஆனால் "எந்த ஊருங்க?" என்று கேட்டவன் பெயரைச் சொன்னதோடு விடமாட்டான். "ஊர்லிங்களா, காலனிங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் முன்னெழுத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேள்விக்குறி ஒளிந்திருக்கிறது. ராசிபுரம் என்ற முன்னெழுத்தை மைசூரிலும் பம்பாயிலும் ஒருத்தரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2

பொதுமனிதன் எப்படிப் பிறந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் லட்சுமண் ஒரே ஒரு ஆளை வரையவில்லை. இந்தியா என்றால் பல ஜனங்கள் என்று, பஞ்சாபி, வங்காளி, தமிழன், குஜராத்தி என்று அவரவர் உடையில், அவரவர் சாயலில் ஒரு கூட்டத்தையே பின்னணியில் வரைந்திருக்கிறார். பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம் நெருங்கும். இத்தனை ஆட்களை வரைய நேரமிருக்காது. ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருத்தர் மிஞ்சினார். கோட்டு, வேட்டி, கண்ணாடி. அவர்தான் பொதுமனிதன்.

இந்தக் கதையைத் தொழில் ரகசியம்போல எல்லாரும் ரசித்துச் சொல்லுகிறார்கள். நான் இதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். 'எல்லாரும்' என்று ஒரு படம் போட வேண்டும், நேரமில்லை, ஆட்களை எடுத்துவிட வேண்டும். யாரை முதலில் எடுப்பது? யாரைக் கடைசி வரைக்கும் வைத்திருப்பது? கை தானாகவே ஒன்றைச் செய்யும். கைக்குப் பழக்கமான முகம் மிஞ்சும். இதில் லட்சுமணுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். யாரையும் வெறுக்காமலேயே யாரையும் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த முதல் கூட்டத்திலாவது நாங்கள் இருந்தோமா? பஞ்சாபி இருந்தான், வங்காளி இருந்தான். மொழிவாரியாக, மாநிலவாரியாக எண்ணினால் இந்தியா முழுவதும் வந்துவிடும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஊருக்கு வெளியே இருக்கிறவன் எந்தத் தலைப்பாகையில் வருவான்?

படத்தில் பொதுமனிதனுக்குச் சாதி எழுதப்படவில்லை. ரொம்பப் பேர் இதைப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். சாதி எழுதப்படாமல் நடமாடுவது இந்த நாட்டில் யாருக்கு வாய்க்கும்? அவர் மந்திரி அறைக்குள் போகிறார், "நீ யாரு?" என்று ஒருவனும் கேட்கவில்லை. கிராமத்துக்குப் போகிறார், "எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்கவில்லை. எங்கேயும் போய் நின்று பார்க்கலாம் என்ற உரிமை அவருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. எங்கப்பா ஒரு டீக்கடை முன்னால் நிற்பதற்கே இடம் குறித்து வைத்திருந்தார்கள். ஆக, பொதுமனிதனை யாரும் கவனிப்பதில்லை என்பதும் எங்களை யாரும் கவனிப்பதில்லை என்பதும் ஒன்றல்ல. அவர் கண்ணில் படாமல் இருப்பது ஒரு சௌகரியம். நாங்கள் கண்ணில் படாமல் இருப்பது ஒரு கட்டளை.

3

தமிழில் 'பொது' என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சுடுகாடு. இந்த மூன்றுக்காகவும் எங்கள் ஜனங்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், உயிர் விட்டிருக்கிறார்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அது பொதுப்பள்ளி. பொதுச்சமையல். சமைக்கிற கை மட்டும் பொதுவாகவில்லை.

தேர்தல் மொழியில் 'பொதுத்தொகுதி' என்று ஒரு சொல். அதற்கு எதிர்ச்சொல் 'தனித்தொகுதி'. நாங்கள் நிற்கிற இடம் தனி. சட்டப்படி பொதுத்தொகுதியில் யாரும் நிற்கலாம், நாங்களும் நிற்கலாம். எந்தக் கட்சி நிறுத்துகிறது என்பது உங்களுக்கே தெரியும். லட்சுமணின் ராசிபுரம் 2011 சட்டமன்றத் தேர்தலில் தனித்தொகுதி. அங்கே வென்ற ப. தனபால் 2012-இல் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவரானார். பொதுமனிதனின் பெயரில் இருக்கிற ஊர், சட்டமன்றக் கணக்கில் தனி. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தற்செயல்தான். ஆனால் இப்படிப்பட்ட தற்செயலில்தான் மூடி வைத்தது தெரிந்துவிடுகிறது.

அவர் பிறந்த 1951-ஆம் வருஷத்தையும் பாருங்கள். சண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்து, தமிழகம் கொந்தளித்து, அதன் விளைவாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்த வருஷம். கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4) அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதே திருத்தம் 19(2)-இல் பேச்சு, எழுத்து உரிமைக்குக் கூடுதல் வரம்புகளையும் போட்டது. முதல் திருத்தம் என்றதும் பத்திரிகைக்காரர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். எங்களுக்கு முதலாவது ஞாபகம் வரும். அதே வருஷம் செப்டம்பரில், இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்ட நிலையில், அண்ணல் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டு வெளியேறினார். அக்டோபரில் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆனால் சமூகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு மதிப்பு இல்லை, இந்த முரண்பாட்டோடுதான் உள்ளே நுழைகிறோம் என்று 1949 நவம்பரிலேயே அவர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்திருந்தார். அந்த முரண்பாட்டுக்குள் இந்தியா நுழைந்த வேளையில், முரண்பாடே இல்லாத ஒரு சராசரி முகத்தைப் பத்திரிகை கண்டுபிடித்துக் கொடுத்தது. வாசகர்கள் அதில் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். யார் வாசகர்? ஆங்கிலப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்.

4

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். லட்சுமண் அதிகாரத்துக்குக் காவடி தூக்கியவர் அல்ல. மந்திரிகளைக் கேலி செய்தார், லஞ்சத்தைக் கேலி செய்தார். 1940-களின் கடைசியில் பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் அவரோடு கார்ட்டூன் வரைந்த இன்னொருவர் பால் தாக்கரே. அவர் 1960-இல் மார்மிக் என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகை தொடங்கி, 1966-இல் சிவசேனை கட்டி, தூரிகையைத் தடியாக்கினார். முதலில் அடி வாங்கியவர்கள் தென்னிந்தியர்கள். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கக்கூடாது என்று நின்றதும் அதே கட்சி. லட்சுமண் அந்த வழியில் போகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவன் அல்ல நான்.

என் நண்பர் ஒருவர், நல்ல இடதுசாரி, இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போட்டார். "ஒரு சித்திரத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறதா? பொதுமனிதனுக்கு முகமே கிடையாது, யார் வேண்டுமானாலும் தங்கள் முகத்தை அங்கே பொருத்திக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதே அவருடைய எதிர்ப்பு" என்றார். இது லேசான வாதம் அல்ல. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதை நான் முயன்று பார்த்தேன். எங்கப்பாவின் முகத்தை அந்தக் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். முகம் மாறினதும் படமே மாறிவிடுகிறது. மந்திரி அறைக்குள் அவர் நிற்க முடியவில்லை. வாசலில் ஒருத்தன் தடுக்கிறான். விமான நிலையத்தில் அவர் கையில் துடைப்பம் வந்துவிடுகிறது. கிராமத்துப் படத்தில் பண்ணாடி திரும்பிப் பார்த்து, "என்றா இங்கெ நிக்கறெ?" என்கிறார். யார் முகமும் பொருந்தும் என்றால் படம் அப்படியே இருக்க வேண்டுமே. இருக்கவில்லை.

மௌனம் எதிர்ப்பு என்பதற்கு நான் மேட்டுப்பாளையத்தைப் பதிலாகச் சொல்லுவேன். 2019 டிசம்பர் 2, விடியும் முன்பு, நடூரில் ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். எங்கள் குடியிருப்பு கண்ணில் படக்கூடாது என்றுதான் இவ்வளவு உயரத்துக்குக் கட்டினார்கள், ஆபத்து என்று முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்று அங்கே வாழ்கிறவர்கள் சொன்னார்கள். தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் பெயர் வைத்தன. நியாயம் கேட்டவர்கள் மேல் தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உட்படப் பலரைக் கைது செய்தார்கள். அன்று நான் பார்த்த பத்திரிகைத் தலைப்புகளில் கொன்றது மழை.

இந்தப் படத்தில் பொதுமனிதனை எங்கே நிற்க வைப்பது? சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சுவர் இருக்கிற இடத்தில் 'நடுவில்' என்று ஒரு இடம் கிடையாது. அந்தப் பக்கம் நின்று மௌனமாகப் பார்த்தால் அது எதிர்ப்பு ஆகாது. சுவர் கட்டப்பட்டபோதும் அங்கே மௌனம்தான் இருந்தது. இந்தப் பக்கம் நின்றால் மௌனமாக இருக்க நேரம் கிடைக்காது. ஒரே மௌனம், நிற்கிற இடத்தைப் பொறுத்து அதன் அறம் மாறுகிறது. பேச முடிகிறவன் பேசாமல் இருப்பது வேறு. பேச விடப்படாதவன் பேசாமல் இருப்பது வேறு. இரண்டையும் 'வாயில்லா ஜனம்' என்று ஒரே பெயரில் அழைப்பது ஏமாற்று.

5

பொதுமனிதனுக்கு 31 வருஷம் முன்பே பம்பாயில் வேறொரு பத்திரிகை பிறந்திருக்கிறது. 1920 ஜனவரி 31. பெயர் மூக்நாயக். ஊமைகளின் தலைவன் என்று பொருள். ஆரம்பித்தவர் அம்பேத்கர். பணம் தருகிறோம், ஒரு விளம்பரம் போடுங்கள் என்று கேட்டதற்குத் திலகரின் கேசரி மறுத்துவிட்டது. இரண்டு ஊமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பெரிய பத்திரிகை வரைந்த ஊமை. பேசாமல் இருப்பதுதான் அவர் அழகு, பேசினால் கதை கெட்டுவிடும். இன்னொருவர் ஊமை என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு அந்தப் பெயரிலேயே பேசத் தொடங்கியவர். அவருக்கு விளம்பரத்துக்குக்கூட இடமில்லை.

நம் பக்கத்திலும் அப்படித்தான். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 'தமிழன்' என்ற பொதுச்சொல்லை அவர் கையில் எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டுப்போனவன் பொதுவைக் கேட்கும்போது அது பொய்யாவதில்லை, விரிகிறது.

பெரிய பத்திரிகைகளின் உள்ளே நிலைமை என்ன? 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, ஒருவரைக்கூடக் காண முடியவில்லை என்று தி பயனியரில் எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பார்த்த 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரும் இல்லை. 23 வருஷத்தில் நடந்த முன்னேற்றம் இது. பொதுமனிதனை வரைகிற அறையில் பொதுவே இல்லை.

அந்த அறைக்கு வெளியே இருந்து பார்த்தால் சிரிப்பும் வேறு மாதிரி தெரியும். 1949-இல் சங்கர் வரைந்த கார்ட்டூனில் அரசியல் சட்டம் என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார், ஜனக்கூட்டம் பார்க்கிறது. அது பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்ததை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார், அரசு திரும்பப் பெற்றது. "உங்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லையா?" என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். அதே வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருந்த இன்னொரு கார்ட்டூன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைக் கேலி செய்கிறது என்று கலைஞர் கருணாநிதி எதிர்ப்புத் தெரிவித்தார். அதை வரைந்தவர் நம் ராசிபுரத்துக்காரர். முன்பு என்னிடம் நகைச்சுவை உணர்வைப் பற்றிப் பேசியவர்களில் சிலர் இதற்குக் கொதித்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சாட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது, அதற்கு முன்னால் நிற்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும்.

6

இத்தோடு முடித்தால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். பார்ப்பனப் பத்திரிகை, பார்ப்பனக் கார்ட்டூன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கோயமுத்தூரில் நடந்த ஒன்று என்னை அப்படிப் போக விடவில்லை.

தூய்மைப் பணியாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடிய சமயம். நாங்கள் துண்டறிக்கை போட்டோம். எழுதினது நான். நண்பர் ஒருவர் படம் வரைந்து கொடுத்தார். திரண்ட தோள், முறுக்கிய மீசை, கை உயர்த்தி நிற்கிற ஆண். பின்னால் மில் புகைபோக்கி. ஆயிரம் பிரதி. காலையில் விநியோகம் செய்தேன். பெரும்பாலும் பெண்கள். குப்பை வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பியும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, இதுல நானெங்கெ?"

"இது எல்லாருக்குமான படமுங்க்கா" என்றேன்.

"எல்லாருன்னா நானும் இருக்கோணுமல்ல?"

எனக்குப் பதில் இல்லை. லட்சுமணுக்கு நேரமில்லாமல் போனதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் நான். எனக்கும் அன்றைக்கு நேரமில்லை. அச்சகம் மூடுகிற நேரம். கைக்குப் பழக்கமான முகம் வந்துவிட்டது.

'தலித்' என்ற எங்கள் பொதுச்சொல்லுக்கும் இது நடந்திருக்கிறது. கொங்கு நாட்டில் எங்கள் அருந்ததியர் ஜனம் எவ்வளவோ பேர், ஆனால் பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்தில் எங்கள் பங்கு கைக்கு வரவில்லை. கேட்டபோது, ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்று நம் ஆட்களிலேயே சிலர் சொன்னார்கள். 2009-இல் 3 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. "இதில் நான் எங்கே?" என்று கேட்டது ஒற்றுமையைக் குலைத்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. கேட்கவிடாமல் வைத்திருந்த ஒற்றுமை பொதுமனிதனின் கோட்டு மாதிரி. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு எல்லாரையும் போட்டுக்கொள்ளச் சொல்வது.

அப்படியென்றால் 'பொது' என்று எதையுமே பேசக்கூடாதா? அவரவர் அவரவர் படத்தை வரைந்துகொண்டு போவதா? அதுவும் முடியாது. கிணறு பொதுவாக வேண்டும், பாதை பொதுவாக வேண்டும், சுடுகாடு பொதுவாக வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்கள் நாங்கள். பொது வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியவே முடியாது. எங்கள் கேள்வி, அதை யார் முடிவு செய்து கையில் கொடுப்பது என்பதுதான். ஒருவர் உட்கார்ந்து வரைந்து முடித்த பொது, எவ்வளவு நல்ல மனசோடு வரைந்தாலும், அவருடைய தனிதான். விட்டுப்போனவர் வந்து கேட்கும்போது படத்தைத் திரும்ப வரையத் தயாராக இருந்தால்தான் அதற்குப் பொது என்று பெயர். அதனால் அது எப்போதும் முடியாது. இந்த ஒரு விஷயத்தில் கன்னித்தீவு சரியான வழியில் போகிறது.

அந்த ஆயிரம் பிரதியையும் அப்படியேதான் கொடுத்தோம். திரும்ப அடிக்கப் பணமில்லை. அடுத்த துண்டறிக்கைக்கு அந்த அக்காவையும் இன்னும் நாலு பேரையும் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் எழுதினேன். மூன்று நாள் கூடுதலாக ஆயிற்று.

லட்சுமண் 2015 ஜனவரி 26-இல், குடியரசு நாளில், புனேயில் இறந்தார். அன்று பல பேர் பொதுமனிதன் கண்ணீர் விடுவதாக எழுதினார்கள். நான் எங்கப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு லட்சுமண் யாரென்றே தெரியாது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் இப்போது அலுமினிய டம்ளர் இல்லை. அவியளுக்குக் கண்ணாடி டம்ளர். எங்களுக்குப் பேப்பர் கப். சுத்தமாம். அப்பா வழக்கமான இடத்தில் ரோட்டோரம் நின்றார். நான் போய் பெஞ்சில் உட்கார்ந்து, கிடந்த பேப்பரை எடுத்து, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் பேசாமல் பார்த்தார்கள்.

அப்பா பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்:

"மழெ வருமுன்னு போட்டிருக்குதா, பாரு கண்ணு."